அடிமைக் குடிலில் பிறந்த ஆசான்: புக்கர் டி. வாஷிங்டன்

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் மலரில் பெரியார் ஒருவரின் வரலாற்றை எழுதித் தருமாறு சங்கத்தார் கேட்டுக்கொண்டனர். அண்ணல் அம்பேத்கரின் வரலாற்றை நம் இளைஞர்கள் ஓரளவேனும் அறிவர். ஆகவே, பிறப்பைக் காரணமாகக் காட்டி இழிவு சுமத்தப்பட்ட மற்றொரு மக்களிடையே, கடல் கடந்த அமெரிக்க நாட்டில் தோன்றிய ஓர் ஆசிரியரின் வரலாற்றை இங்குக் கூற விழைகிறேன். அவர் பெயர் புக்கர் டி. வாஷிங்டன். கல்வி எதற்காக என்னும் வினாவிற்கு அவர் வாழ்ந்து காட்டிய விடை, வேலை தேடும் நம் இளைஞர்க்கும் கடன் சுமக்கும் நம் குடும்பங்களுக்கும் பயன்படும் என்று நம்புகிறேன். அவ்விடையில் ஒரு குறையும் உண்டு. அதனையும் மறைக்காமல் கூறுவதே முறை.

விலை குறிக்கப்பட்ட சிறுவன்

வர்ஜீனியா மாநிலத்தில் ஹேல்ஸ் ஃபோர்டு என்னும் சிற்றூரின் அருகே, ஜேம்ஸ் பரோஸ் என்பவரின் பண்ணையில் 1856ஆம் ஆண்டு வாஷிங்டன் பிறந்தார். அவருடைய தாயார் ஜேன் அப்பண்ணையின் சமையற்காரி, அடிமை. தந்தை ஒரு வெள்ளையர் என்பதற்கு மேல் மகன் எதுவும் அறிந்தாரில்லை. அடிமைத் தாயின் வயிற்றில் பிறந்த குழந்தையும் அடிமையே என்பது அந்நாளைய சட்டம். தாம் பிறந்த நாள்கூட அவருக்குத் திட்டமாகத் தெரியாது. ஏறக்குறைய 14 அடிக்கு 16 அடி அளவுள்ள மரக்குடிலே அவர்களுடைய வீடு. அதுவே பண்ணையின் அடுக்களையும் ஆகும். மண் தரையில் கந்தல் துணிகளைப் பரப்பிக் குழந்தைகள் உறங்கினர்.

பண்ணையார் 1861இல் இறந்தபோது அவருடைய சொத்துகளுக்குப் பட்டியல் எடுத்தனர். பண்ணையின் மற்ற உடைமைகளோடு புக்கர் என்னும் சிறுவனின் பெயரும் அதில் எழுதப்பட்டு, எதிரே 400 டாலர் என்று விலை குறிக்கப்பட்டது. பிறர் கணக்கில் ஒரு பொருளாக எழுதப்பட்ட அச்சிறுவனே பிற்காலத்தில் தன் மக்களுக்குக் கணக்கு எழுதக் கற்றுக்கொடுத்தான் என்பதை நினைவில் வைத்து மேலே படியுங்கள்.

உள்நாட்டுப் போர் முடிந்து 1865இல் அடிமைகள் விடுதலை பெற்றனர். விடுதலை கிடைத்ததேயன்றி நிலமோ, கருவியோ, கையில் காசோ கிடைக்கவில்லை. குடும்பம் மேற்கு வர்ஜீனியாவின் மால்டன் என்னும் ஊருக்குப் பெரும்பகுதி நடந்தே சென்றது. அங்கு உப்புக் காய்ச்சும் உலையில் மாற்றாந்தந்தை வேலை பார்த்தார். சிறுவனையும் அவ்வேலைக்கே சேர்த்தார். உப்பை நிரப்பும் பீப்பாய்களில் ஒவ்வொரு வேலையாளுக்கும் ஓர் எண் இடப்படும். மாற்றாந்தந்தையின் எண் 18. எழுத்தொன்றும் அறியாத அச்சிறுவன் முதன்முதலில் கற்றது அந்த எண்ணையேயாகும். பிறகு தாயார் எங்கிருந்தோ ஓர் அரிச்சுவடியைத் தேடிக் கொணர்ந்து தந்தார். அதனைச் சொல்லிக் கொடுக்க அக்கம்பக்கத்தில் அவர் இனத்தவர் எவரும் படித்திருக்கவில்லை. இரவுப் பாடம், பின்னர் விடியலில் எழுந்து ஒன்பது மணிவரை உலையில் வேலை, அதன்பின் பள்ளி, பள்ளி முடிந்ததும் மீண்டும் வேலை என்று அவருடைய இளமை கழிந்தது. நிலக்கரிச் சுரங்கத்திலும் அவர் உழைத்தார்.

பள்ளிக்குச் சென்றபோது மற்றப் பிள்ளைகள் அனைவரும் கடையில் வாங்கிய தொப்பி அணிந்திருப்பதைக் கண்டு, தனக்கும் ஒன்று வேண்டுமென்று தாயிடம் கேட்டார். தாயிடம் பணமில்லை. கடன்பட்டு வாங்கித் தர அந்த அம்மையார் இசையவில்லை. வீட்டில் நெய்த முரட்டுத் துணி இரண்டு துண்டுகளைச் சேர்த்துத் தைத்து மகனுக்குத் தொப்பியாக்கினார். பிள்ளைகள் சிலர் நகைத்தனர். ஆயினும், இல்லாததை இருப்பதுபோல் காட்டுவதற்காகக் கடன் வாங்காத தாயின் திண்மையைத் தம் வாழ்நாள் முழுதும் எண்ணிப் பெருமைப்பட்டதாக வாஷிங்டன் பிற்காலத்தில் எழுதினார்.

துடைப்பமே தேர்வாயிற்று

சுரங்கத்தில் இருவர் பேசிக்கொண்டதிலிருந்து, கறுப்பின மாணவர்கள் உழைத்துக்கொண்டே படிக்கக்கூடிய ஹாம்ப்டன் கல்விக்கூடம் வர்ஜீனியாவில் இருப்பதை அவர் அறிந்தார். 1872இல் ஏறத்தாழ 500 மைல் பயணத்தைத் தொடங்கினார். ரிச்மண்டு நகரை அடைந்தபோது கையில் காசில்லை. பலகை வேய்ந்த நடைபாதையின் அடியில் படுத்துறங்கினார். பகலில் கப்பலிலிருந்து இரும்புப் பாளங்களை இறக்கிக் கூலி பெற்றார். ஹாம்ப்டனை அடைந்தபோது அவரிடம் எஞ்சியிருந்தது அரை டாலர்.

கந்தலும் அழுக்குமாய் வந்து நின்ற இளைஞனைச் சேர்ப்பதா என்று தலைமை ஆசிரியை தயங்கினார். சில மணி நேரம் கழித்து, ஒரு வகுப்பறையைக் காட்டிப் பெருக்குமாறு பணித்தார். வாஷிங்டன் அவ்வறையை மும்முறை பெருக்கினார். நான்கு முறை தூசு துடைத்தார். ஆசிரியை தம் கைக்குட்டையால் சுவரையும் மேசையையும் தேய்த்துப் பார்த்தார். ஒரு துகளும் ஒட்டவில்லை. அதுவே அவருடைய நுழைவுத் தேர்வாயிற்று. விடுதிச் செலவில் பெரும்பகுதியைத் துப்புரவுப் பணி செய்தே அவர் ஈடு செய்தார். பாடங்களோடு, நாள்தோறும் குளிப்பது, பல் துலக்கும் தூரிகையைப் பயன்படுத்துவது, விரிப்பிட்ட கட்டிலில் படுப்பது ஆகியவற்றையும் அங்கேயே கற்றார். இரண்டு விரிப்புகளைக் கண்டு முதல் நாள் இரண்டிற்கும் அடியிலும், மறுநாள் இரண்டிற்கும் மேலும் படுத்ததை அவரே வெட்கப்படாமல் எழுதியுள்ளார். 1875இல் அங்குத் தேர்ச்சி பெற்றார்.

இங்கு நம் இளைஞர்க்கு ஓர் ஐயம் எழலாம். துடைப்பத்தைப் பெருமைப்படுத்திப் பேசுவது நம்மை மீண்டும் பழைய இழிதொழிலுக்கே அனுப்புவதாகாதா என்பதே அது. நியாயமான ஐயம். இதற்குரிய விடையைப் பின்னர்க் காண்போம்.

சூளை மூன்று முறை தோற்றது

அலபாமா மாநிலத்தின் டஸ்கீகி என்னும் ஊரில் கறுப்பின ஆசிரியர்களைப் பயிற்றும் பள்ளிக்கு ஆண்டொன்றுக்கு 2,000 டாலரை அரசு ஒதுக்கியது. அத்தொகை சம்பளத்திற்கு மட்டுமே உரியது. நிலத்திற்கும் கட்டடத்திற்கும் ஒரு காசும் இல்லை. 1881 சூலை 4ஆம் நாள், தேவாலயம் ஒன்றின் அருகிலிருந்த பாழடைந்த கொட்டகையில் 30 மாணவர்களோடு வாஷிங்டன் பள்ளியைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 25. மழை பெய்தால் மாணவர் ஒருவர் எழுந்து ஆசிரியரின் தலைக்கு மேல் குடை பிடிக்க, பாடம் நடந்தது.

மாணவர்களின் கல்வி நிலை அவரை வருந்தச் செய்தது. சிலர் வங்கிக் கணக்கு, வட்டம் முதலிய பெரிய பெயர்களையுடைய கணக்குகளின் விதிகளை நெட்டுருச் செய்திருந்தனர். ஆனால் அவர்களுக்கோ அவர்கள் ஊரார்க்கோ வங்கியில் கணக்கே இல்லை. பெருக்கல் வாய்பாடும் சரிவரத் தெரியாது. ஓர் ஊரில், அழுக்கடைந்த ஒற்றை அறைக் குடிலில், சுற்றிலும் களை மண்டிக் கிடக்க, ஓர் இளைஞன் பிரெஞ்சு இலக்கணம் படித்துக்கொண்டிருந்ததை அவர் கண்டார். பிரெஞ்சு மொழி தீதென்பது அவர் கருத்தன்று. வாழ்க்கையைத் தொடாமல் கல்வி தனித்து நின்றதே அவரை வருத்தியது.

ஊருக்கு அப்பால் 100 ஏக்கர் பரப்புள்ள பழைய பண்ணையொன்று 500 டாலருக்கு விலைக்கு வந்தது. முன்பணம் 250 டாலரை ஹாம்ப்டன் பள்ளியின் பொருளாளர் தம் சொந்தப் பணத்திலிருந்து கடனாக அளித்தார். குதிரை லாயமும் கோழிக் கொட்டிலும் வகுப்பறைகளாயின. காட்டை அழிக்க மாணவர்கள் தயங்கியபோது, ஆசிரியரே கோடரியைத் தூக்கிக்கொண்டு முன்னே நடந்தார். ஒலிவியா டேவிட்சன் என்னும் ஆசிரியை விழாக்கள் நடத்தியும் வீடு வீடாகச் சென்றும் பொருள் திரட்டினார். முன்னாள் அடிமையான மூதாட்டி ஒருவர், காசில்லாமையால் ஆறு முட்டைகளைக் கொண்டுவந்து மாணவர் கல்விக்கென அளித்தார்.

கட்டடத்திற்குச் செங்கல் வேண்டியிருந்தது. அவ்வூரில் செங்கற்சூளை இல்லை. மாணவர்களைக் கொண்டே செங்கல் அறுக்க வாஷிங்டன் துணிந்தார். அத்தொழில் அவருக்கும் தெரியாது. முழங்கால் அளவு சேற்றில் நிற்பதை வெறுத்துச் சிலர் பள்ளியை விட்டே சென்றனர். முதற்சூளையில் ஏறத்தாழ 25,000 கற்கள் அடுக்கப்பட்டன. அவை சரியாக வேகவில்லை. இரண்டாம் சூளையும் வீணாயிற்று. மூன்றாம் சூளை வெந்து முடியச் சில மணி நேரமே இருந்தபோது, நள்ளிரவில் சரிந்து விழுந்தது. கையில் பணமில்லை. வாஷிங்டன் மாண்ட்கோமரி நகருக்குச் சென்று தம் கைக்கடிகையை 15 டாலருக்கு அடகு வைத்தார். அப்பணத்தில் மூட்டிய நான்காம் சூளை வென்றது. கடிகையை அவரால் மீட்க முடியவில்லை. அதற்காக அவர் வருந்தவும் இல்லை.

கல் நல்ல கல்லாக இருந்தமையால், அப்பள்ளியை விரும்பாத வெள்ளையரும் விலைக்கு வாங்க வந்தனர். சில ஆண்டுகளில் ஒரு பருவத்திற்கு 12 இலட்சம் கற்கள் அறுக்கும் நிலையை மாணவர்கள் எய்தினர். தச்சு, கொல்லுலை, வண்டி கட்டுதல், அச்சு, தையல், பால் பண்ணை எனத் தொழில்கள் பெருகின. 1900ஆம் ஆண்டளவில் பள்ளியிலிருந்த 40 கட்டடங்களில் நான்கு நீங்கலாக மற்ற அனைத்தும் மாணவர் கைகளால் எழுந்தவை. பெருமைக்குரிய அறிஞர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் 1896இல் வேளாண் துறைக்குத் தலைமை ஏற்றார். 1906 முதல் விதைகளையும் கருவிகளையும் ஏற்றிய வண்டியொன்று ஊர் ஊராகச் சென்று உழவர்க்குப் பாடம் சொல்லியது.

கடனே புதிய விலங்கு

டஸ்கீகியைச் சுற்றியிருந்த ஊர்களில் தங்கிப் பார்த்தபோது, விடுதலை பெற்ற மக்களைக் கடன் மீண்டும் கட்டிப் போட்டிருந்ததை வாஷிங்டன் கண்டார். நிலமற்ற குடும்பம் வாரத்திற்கு உழுதது. விதைக்கும் உணவுக்கும் கடைக்காரரிடம் கடன் வாங்கியது. இன்னும் விளையாத பருத்தியே அடமானம். வட்டி மிகக் கொடியது. கணக்கு எழுதுபவரோ கடன் கொடுத்தவரே. அறுவடை முடிந்தால் பழைய கடன் தீராமல் புதிய கடன் தொடங்கும். பருத்தியை வீட்டு வாயில்வரை நட்டுவிட்டு, இறைச்சியையும் சோள மாவையும் நகரத்துக் கடையில் கடனுக்கு வாங்கினர்.

ஒரு வீட்டில் நால்வரோடு உணவுண்ண அமர்ந்தபோது, ஐவருக்கும் சேர்த்து ஒரே முள்கரண்டி இருந்தது. அதே வீட்டின் மூலையில், தவணைக்கு வாங்கிய 60 டாலர் ஆர்கன் இசைப்பெட்டி நின்றது. வேறு சில வீடுகளில் தையற்பொறியும் பகட்டான கடிகாரமும் தவணையில் வந்திருந்தன, பயன்படுத்துவார் இல்லை. இதனை அவர் ஏளனம் செய்யவில்லை. நெடுங்காலம் எதுவுமே உடைமையாகக் கொள்ள உரிமையற்றிருந்த மக்கள், உடைமை என்பதன் பொருளைத் தவணைக்காரரிடம் கற்க நேர்ந்ததே என்று கவன்றார்.

1892 பிப்ரவரியில் உழவர் மாநாடு ஒன்றைக் கூட்டினார். 75 பேரை எதிர்பார்த்த இடத்தில் 400 பேர் திரண்டனர். சொற்பொழிவாளர் எவரும் அழைக்கப்படவில்லை. எத்தனை பேர்க்குச் சொந்த நிலம் உண்டு, எத்தனை பேர் விளைச்சலை அடமானம் வைத்துள்ளனர் என்று உழவர்களே எழுந்து கூறினர். உண்ணும் உணவை முதலில் விளைவித்தல், கோழியும் பன்றியும் வளர்த்தல், அடமானத்தை விடுதல், சிறிதேனும் நிலம் வாங்குதல், ஒற்றை அறை வீட்டிற்கு இரண்டாம் அறை கட்டுதல், பள்ளி நடக்கும் மாதங்களைக் கூட்டுதல் ஆகியவையே முடிவுகள். மாநாடு ஆண்டுதோறும் நடந்தது. 1900இல் கறுப்பின வணிகர்களைப் பாஸ்டன் நகரில் ஒன்றுதிரட்டி வணிகர் கழகம் ஒன்றையும் அவர் நிறுவினார்.

அதே 1892இல்தான் சென்னை மாகாணத்தில் நம் முன்னோர்க்குப் பஞ்சமி நிலம் வழங்க அரசாணை பிறந்தது என்பது எண்ணத்தக்கது. பிறர்க்கு விற்க இயலாதவாறு விதிகள் இருந்தும், அந்நிலங்களில் பெரும்பகுதி பிறர் கைக்குப் போயிற்று. கைநாட்டு வைத்தவர்க்கு அவ்விதிகள் தெரியாமற்போனதும் அதற்கொரு காரணம்.

அவர் வழியில் நேர்ந்த குறை

1895 செப்டம்பர் 18ஆம் நாள் அட்லாண்டா நகரப் பொருட்காட்சியில் வாஷிங்டன் ஆற்றிய உரை அவரை நாடறியச் செய்தது. கறுப்பின மக்கள் தொழிலிலும் உழவிலும் முதலில் வேரூன்ற வேண்டும். சமூக சமத்துவத்திற்காக இப்போது கிளர்ச்சி செய்வது அறிவுடைமையன்று என்னும் கருத்தை அவர் அங்கு வெளியிட்டார். வெள்ளையர் ஆரவாரித்து வரவேற்றனர். 1901இல் அமெரிக்கத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் அவரை வெள்ளை மாளிகையில் உடனமர்ந்து உண்ண அழைத்தார். ஆனால் அவ்வொரு வேளை உணவிற்காகவே தென்னாட்டு வெள்ளையர் பலர் கொதித்தெழுந்தனர். பொறுத்திருப்பவருக்கும் சமபந்தி மறுக்கப்படும் என்பது அன்றே விளங்கிற்று.

ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற டபிள்யூ. ஈ. பி. டூபாய்ஸ் என்னும் அறிஞர் 1903இல் வாஷிங்டனின் வழியைக் கடுமையாக மறுத்தார். வாக்குரிமை, குடியுரிமை, உயர்கல்வி ஆகிய மூன்றையும் விட்டுக்கொடுத்துவிட்டுச் சேர்க்கும் பொருளைக் காப்பது எங்ஙனம் என்பதே அவர் எழுப்பிய வினா. வினா நேரியது. டஸ்கீகி அமைந்த அலபாமாவிலேயே 1901இல் இயற்றப்பட்ட அரசமைப்பு, கறுப்பின மக்களில் மிகப் பெரும்பாலோரின் வாக்குரிமையைப் பறித்தது. 1921இல் ஓக்லஹோமா மாநிலத்துத் தல்சா நகரில், கறுப்பின மக்கள் கடைகளும் விடுதிகளும் கட்டிச் செழித்திருந்த கிரீன்வுட் பகுதியை வெள்ளையர் கும்பல் கொளுத்தியது. ஏறத்தாழ 35 தெருக்கட்டங்கள் சாம்பலாயின. உழைத்துச் சேர்த்தது எரிக்கப்படும் கொடுமை நமக்கும் புதிதன்று. 2012 நவம்பரில் தருமபுரி மாவட்டம் நத்தம் முதலிய குடியிருப்புகளில் நம் மக்களின் வீடுகள் எரிந்ததை மறந்தவர் யார்?

வாஷிங்டனும் இதனை உள்ளூர உணர்ந்திருந்தார். வெளியே அமைதி பேசியவர், வாக்குரிமைப் பறிப்பை எதிர்த்த வழக்குகளுக்கு மறைவாகப் பொருளுதவி செய்தார். அலோன்சோ பெய்லி என்னும் தொழிலாளி, 15 டாலர் முன்பணம் பெற்று ஓராண்டு வேலைக்கு ஒப்பந்தம் செய்து, இடையில் நின்றமைக்காகக் கடுங்காவல் தண்டனை பெற்றார். அவ்வழக்கு உச்ச நீதிமன்றம் செல்லவும் வாஷிங்டன் மறைந்து நின்று உதவினார். கடனுக்காக மனிதனைக் கட்டாய உழைப்பில் நிறுத்தும் அச்சட்டம் செல்லாதென 1911இல் தீர்ப்பாயிற்று. இவ்வுதவிகள் பலவும் அவர் மறைந்து நெடுங்காலத்திற்குப் பின், அவருடைய கடிதங்களை ஆராய்ந்தபோதே முழுமையாக வெளிப்பட்டன. நம் நாட்டில் கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல்தான் வந்தது.

1912 முதல் ஜூலியஸ் ரோசன்வால்டு என்னும் வணிகரின் உதவியுடன், ஊர் மக்களும் தம் பணத்தையும் உழைப்பையும் சேர்த்துக் கட்டும் சிற்றூர்ப் பள்ளிகளை வாஷிங்டன் தொடங்கினார். 1932க்குள் அத்திட்டத்தில் 5,000 அளவிலான பள்ளிகள் எழுந்தன. 1915 நவம்பர் 14ஆம் நாள் டஸ்கீகியிலேயே அவர் உயிர் நீத்தார். கொட்டகையில் தொடங்கிய பள்ளியில் அன்று 100க்கும் மேற்பட்ட கட்டடங்களும் ஏறத்தாழ 1,500 மாணவர்களும் இருந்தனர். இன்று அது பல்கலைக்கழகமாக விளங்குகிறது. அவர் மறைந்த நாளில் நம் அண்ணல் அம்பேத்கர் நியூயார்க் நகரின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் மாணவராயிருந்தார். வாஷிங்டன் கைத்தொழிலை முன்னே வைத்தார். அம்பேத்கர் உயர்கல்வியையும் சட்ட உரிமையையும் முன்னே வைத்தார். நமக்கு இரண்டும் வேண்டும்.

நாம் கொள்ளத்தக்கவை

முன்னர் எழுப்பிய ஐயத்திற்கு வருவோம். தொழிற்கல்வி என்ற பெயரில் தந்தையின் தொழிலையே மகன் தலையில் கட்ட முயன்ற திட்டம் 1953இல் இம்மாநிலத்தில் வந்தது. குலக்கல்வி என்று மக்கள் அதனை எதிர்த்தனர். 1954இல் அது கைவிடப்பட்டது. பிறப்பினால் சுமத்தப்படும் வேலை வேறு. தானே தேர்ந்து, திறம்படக் கற்று, தன் பெயரில் விலை பேசி விற்கும் தொழில் வேறு. டஸ்கீகி மாணவன் அறுத்த செங்கல் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. மின்பணியோ, பொறி பழுது பார்த்தலோ, கணினியோ, மருத்துவமோ எதுவாயினும் நம் பிள்ளைகள் தேர்ந்து கற்கட்டும். உயர்கல்வியின் வாயிலைச் சாத்திவிட்டுத் தொழிற்கல்வியைக் காட்டுபவர் எவராயினும் அவரை ஏற்க வேண்டா.

அடுத்தது கணக்கு. என் வகுப்பில் கூட்டு வட்டிக் கணக்கைப் பிழையின்றிப் போடும் மாணவர்கள் உண்டு. தம் வீட்டுக் கடன் பத்திரத்தைப் படித்துப் பார்த்தாயா என்று கேட்டால் விழிப்பர். இக்குற்றம் மாணவருடையதன்று, ஆசிரியராகிய எங்களுடையது. நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் வட்டி என்றால் சிறிதாகத் தோன்றும். ஆண்டுக்கு அது 60 ரூபாய். 10,000 ரூபாய் கடனுக்கு ஓராண்டு வட்டி மட்டும் 6,000 ரூபாய். முதல் அப்படியே நிற்கும். வாரத் தவணைக் கடனாயினும், திருமணத்திற்கும் காதுகுத்திற்கும் வாங்கும் கைமாற்றாயினும், கையொப்பமிடுமுன் இக்கணக்கைத் தாளில் போட்டுப் பாருங்கள். எழுதாத பத்திரத்தில் ஒருபோதும் கையொப்பமிடாதீர்கள். கொடுத்த பணத்திற்குச் சீட்டுக் கேளுங்கள். அளவுக்கு மீறிய வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் இருப்பதை அறிந்துகொள்ளுங்கள். தாட்கோ போன்ற அரசு நிறுவனத்தின் கடனுதவிக்கு இடைத்தரகரை நாடாமல், விண்ணப்பத்தை நீங்களே படித்து நிரப்புங்கள். வீட்டு மனைப் பட்டாவையும் நிலப் பத்திரத்தையும் வீட்டில் படித்த பிள்ளை ஒருமுறை உரக்கப் படித்துப் பெற்றோர்க்குப் பொருள் கூறட்டும்.

வாக்குரிமையும் சட்ட உரிமையும் வாஷிங்டனின் மக்களுக்கு அன்று மறுக்கப்பட்டன. நமக்கோ அவை அரசமைப்பில் எழுதித் தரப்பட்டுள்ளன. அவ்வுரிமைகளைக் காத்து நின்றால்தான் உழைத்துச் சேர்ப்பது நிலைக்கும். உழைத்துச் சேர்த்துக் கடனின்றி நின்றால்தான் அவ்வுரிமைகளை அஞ்சாமல் கேட்க முடியும். கடன் கொடுத்தவரின் முகம் பார்த்து வாக்களிப்பவர் முழு உரிமை பெற்றவராகார்.

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் பணியைச் செவ்வனே செய்து வந்துள்ளது. இனி, சங்கத்தின் மாலை வகுப்புகளில் வாரம் ஒரு மணி நேரத்தைக் குடும்பக் கணக்கு எழுதவும், பத்திரம் படிக்கவும், வட்டி கணக்கிடவும் ஒதுக்க வேண்டுமென்று நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன். அவ்வகுப்பை நடத்தும் பொறுப்பை நானே ஏற்கச் சித்தமாயிருக்கிறேன். வரும் இளைஞர்கள் ஆளுக்கொரு குறிப்பேடு கொண்டுவந்தால் போதும்.